மழை பெய்த மறுநாள் ஏற்காடு மலை கிட்டே வந்துவிடுகிறதா?

சூரமங்கலம் வாசி · அக்டோபர் 14, காலை 7.10

நேற்று ராத்திரி நல்ல மழை. காலையில் மாடிக்குப் போனால் ஏற்காடு மலை கிட்டே வந்து நிற்கிறது. மடிப்பு மடிப்பாக, பாறை பாறையாகத் தெரிகிறது. போன வாரம் சாம்பல் பூசினாற்போல எங்கேயோ கிடந்த அதே மலைதான். மழை ஈரத்தில் காற்று லென்ஸ் மாதிரி வேலை செய்து பெரிதாக்கிக் காட்டுகிறது என்பது என் கட்சி. வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கண்ணாடிக்கடை · அக்டோபர் 14, இரவு 9.45

லென்ஸும் இல்லை, மலை பெரிதாகவும் இல்லை. கையை முழுக்க நீட்டி அளந்து பாருங்கள். நீட்டிய கையில் கட்டைவிரல் அகலம் ஏறத்தாழ 2 டிகிரி, முஷ்டி 10 டிகிரி. உங்கள் மாடியிலிருந்து மலை அரை முஷ்டி உயரம் இருக்கும் என்று நினைக்கிறேன். இன்று அளந்து எழுதி வையுங்கள். தூசி மூடிய ஒரு நாளில் அதே இடத்தில் நின்று மறுபடி அளங்கள். மாறியிருந்தால் நான் கடையைச் சாத்திவிடுகிறேன்.

மாறியது உங்களுக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் காற்று. காற்றும் அதில் மிதக்கும் தூசியும் புகையும் வெயிலைச் சிதறடித்து ஒரு வெளிர்நீலத் திரையைப் போடுகின்றன. தூரம் கூடக் கூடத் திரை தடிக்கிறது. மலையின் கறுப்பு வெளுக்கிறது, மரத்துக்கும் பாறைக்கும் உள்ள வித்தியாசம் கரைகிறது. பிறந்ததிலிருந்து இதைப் பார்த்துப் பழகிய மூளை, வெளுத்தது தூரம், அழுத்தமாகத் தெரிவது கிட்டே என்று முடிவு கட்டிவிடுகிறது. மழை அந்தத் தூசியைக் கழுவித் தரையில் போட்டுவிட்டது. திரை மெலிந்தது. மூளை தன் பழைய கணக்கையே போட்டது, மலை கிட்டே வந்துவிட்டது.

லியோனார்டோ டா வின்சி இதை ஓவியர்களுக்குப் பாடமாகவே எழுதியிருக்கிறார். ஒரு கட்டிடம் ஐந்து மடங்கு தள்ளி இருப்பதாகக் காட்ட வேண்டுமானால் அதை ஐந்து மடங்கு நீலமாக்கு என்பது அவர் கணக்கு.

லீ பஜார் லாரி · அக்டோபர் 14, இரவு 10.20

அண்ணா, அப்போ தூசிதான் நமக்குத் தூரம் அளக்கிற டேப்பா? சேலத்தில் அதுக்குப் பஞ்சமே இல்லைங்க.

கண்ணாடிக்கடை · அக்டோபர் 14, இரவு 10.31

தம்பி, மலைக்கு மட்டும் டேப். உங்கள் லாரி பம்பருக்கும் முன்னால் போகும் ஸ்கூட்டருக்கும் நடுவில் வேறு டேப்.

சூரமங்கலம் வாசி · அக்டோபர் 15, காலை 8.05

இரண்டு கண்ணால் பார்ப்பதால்தான் தூரம் தெரிகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தேனே? ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படம், இரண்டும் சேர்ந்தால் ஆழம் என்று. அதில் தூசி எங்கே வந்தது?

கண்ணாடிக்கடை · அக்டோபர் 15, பிற்பகல் 2.15

மதியம் கடையில் கூட்டமில்லை, விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் படித்தது சரி. ஆனால் அது எவ்வளவு தூரத்துக்குச் செல்லும் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லியிருக்காது. பெரியவர்களுக்கு இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே சராசரி 63 மில்லிமீட்டர். மொத்த முதலீடே அவ்வளவுதான். இரண்டு கண்ணும் ஒரே பொருளைச் சற்றே வேறு கோணத்தில் பார்க்கின்றன, அந்தச் சிறு வேறுபாட்டை மூளை ஆழமாக மாற்றுகிறது. 1838-ல் சார்லஸ் வீட்ஸ்டன் முகம் பார்க்கும் கண்ணாடிகளை வைத்து ஒரு கருவி செய்து, இரண்டு தட்டைப் படங்களைக் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டி, நடுவில் ஆழமுள்ள உருவம் எழுவதை நிரூபித்தார்.

இப்போது கணக்கு. நல்ல கண் 20 ஆர்க் செகண்ட் வேறுபாட்டைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிகிரியை 3,600 ஆகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் செகண்ட். அந்தக் கண் 30 சென்டிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு மில்லிமீட்டர் முன்பின்னைக்கூடக் கண்டுபிடித்துவிடும். 10 மீட்டரில் 15 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால்தான் தெரியும். 100 மீட்டரில் அதுவே 15 மீட்டராகிவிடும். தூரம் பத்து மடங்கானால் பிழை நூறு மடங்கு, அதுதான் இதில் உள்ள கொடுமை. 650 மீட்டருக்கு அப்பால் இரண்டு கண்ணுக்கும் எல்லாமே ஒரே தூரம்தான், நிலா உட்பட.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் சலங்கையைப் பற்றவைப்பவருக்கு இரண்டு கண் தங்கம். அதே ஆள் மாடியில் நின்று ஏற்காட்டைப் பார்க்கும்போது அதில் ஒன்றை மூடிக்கொண்டாலும் நஷ்டம் இல்லை.

கண்ணாடிக்கடை · அக்டோபர் 15, இரவு 10.50

மதியம் சொல்லாமல் விட்டது ஒன்று. எனக்கு அந்த இரண்டு கண் ஆழம் கிடையாது.

சின்ன வயதில் மாறுகண். இடது கண் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். வீட்டில் அதை அதிர்ஷ்டக் கண் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். கல்லூரி நாளில் அறுவை செய்து நேராக்கினார்கள், பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மூளை அதற்கு வெகு முன்பே இடது கண்ணின் பேச்சைக் கேட்பதை நிறுத்தியிருந்தது. நேராக்கியதும் அது மறுபடி கேட்க ஆரம்பிக்கவில்லை.

இதில் வேடிக்கை என் தொழில். குழந்தைகளுக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று பார்க்க டிட்மஸ் என்ற ஒரு சோதனைப் புத்தகம் உண்டு. முதல் பக்கத்தில் பெரிய ஈ ஒன்றின் படம். போலராய்டு கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தால் ஈ தாளைவிட்டு எழும்பி நிற்குமாம். 'றெக்கையைப் பிடி பார்க்கலாம்' என்று சொல்வேன். ஆழம் தெரிகிற குழந்தையின் விரல்கள் தாளுக்கு மேலே, வெறும் காற்றில் வந்து சேரும். சில பிள்ளைகள் அருவருத்துக் கையை இழுத்துக்கொள்வார்கள். ஒரு சுட்டி, 'அங்கிள், இது ஊசி போடுமா?' என்றாள். ஆழம் தெரியாத பிள்ளை நேராகத் தாளைத் தொட்டு நகத்தால் சுரண்டும். அதைப் பார்த்தாலே எனக்கு விஷயம் புரிந்துவிடும், ஏனென்றால் நானும் அங்கேதான் சுரண்டுவேன். இத்தனை வருடமாக அந்த ஈயை எனக்குப் பறக்கவிட்டுக் காட்டுவது அந்தப் பிள்ளைகளின் விரல்தான்.

நாகலூர் எஸ்டேட் · அக்டோபர் 16, காலை 6.40

சார், அப்படியானால் வண்டி எப்படி ஓட்டுகிறீர்கள்? நீங்கள் பைக்கில் இங்கே ஏற்காட்டுக்கு வந்து போவதை நானே பார்த்திருக்கிறேன்.

கண்ணாடிக்கடை · அக்டோபர் 16, காலை 9.20

மற்றவர்கள் ஓட்டுவதைப் போலத்தான். ரோட்டில் தேவைப்படும் தூரங்களில் பெரும்பாலானவை இரண்டு கண் ஆழம் பெரிதாக உதவாத தூரங்கள். முன்னால் போகும் பஸ் பின்னால் உள்ள மரத்தை மறைக்கிறது என்றால் பஸ் கிட்டே இருக்கிறது. ஆள் என்ன உயரம் இருப்பான் என்று தெரியும், சிறிதாகத் தெரிந்தால் தள்ளி நிற்கிறான். தரையில் ஒரு பொருள் அடிவானத்தை நெருங்க நெருங்கத் தூரம். ரோட்டோர வெள்ளைக்கோடு ஒடுங்குகிறது, ஜல்லியின் சொரசொரப்பு மழமழப்பாகிறது. இவை எல்லாமே ஒற்றைக் கண்ணுக்குப் போதும்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிய துணை அசைவு. தலையைப் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்தினால் கிட்டே உள்ளது வேகமாக ஓடும், தள்ளி உள்ளது மெதுவாக ஓடும். பஸ் ஜன்னலில் புளியமரம் பறக்க, மலை கூடவே வருவது இதனால்தான். இடமாறு தோற்றம் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். வெட்டுக்கிளி தாவுவதற்கு முன் உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்ப்பது இதற்குத்தான்.

எனக்கு எங்கே உதைக்கும் என்று கேளுங்கள். ஊசியில் நூல் கோர்ப்பது. டம்ளரில் தண்ணீர் ஊற்றுவது (செம்பு விளிம்பை டம்ளர் விளிம்பில் தொட்டுக்கொண்டுதான் ஊற்றுவேன், வீட்டில் அதற்குத் தனித் திட்டு உண்டு). அப்புறம், உங்கள் எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடி. நீங்கள் 'அதோ, காய் பாருங்க சார்' என்று காட்டினீர்கள். எனக்கு இலை, காய், தண்டு எல்லாம் ஒரே பச்சைத் துணியில் அச்சடித்தது போலத்தான் தெரிந்தது. தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன், அப்போதுதான் சரம் சரமாகப் பிரிந்தது.

நாகலூர் எஸ்டேட் · அக்டோபர் 16, பகல் 12.30

நான் உங்களுக்குக் கழுத்துவலி என்று நினைத்தேன் சார்.

கண்ணாடிக்கடை · அக்டோபர் 16, பகல் 1.05

பரவாயில்லை, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

பச்சைக்குள் பச்சையைப் பிரிப்பதுதான் இரண்டு கண்ணின் உண்மையான சாமர்த்தியம் என்று தோன்றுகிறது. பேலா யூலேஸ் என்பவர் 1960 வாக்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து காட்டினார். கம்ப்யூட்டரில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளைக் கண்டபடி இறைத்து இரண்டு படங்கள். இரண்டும் ஒன்றேதான், நடுவில் ஒரு சதுரத்தில் உள்ள புள்ளிகள் மட்டும் ஒரு படத்தில் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளியிருக்கும். எந்தப் படத்தைத் தனியாகப் பார்த்தாலும் சதுரம் இல்லை. கண்ணுக்கொன்றாகப் பார்த்தால் சதுரம் மிதக்கும். பொருள் என்னவென்று தெரிவதற்கு முன்பே மூளை ஆழத்தைக் கணக்கிட முடியும் என்பது அதனால் உறுதியானது. புலியைப் புல்லுக்குள் கண்டுபிடிக்க வேண்டியிருந்த காலத்தில் இந்த ஏற்பாடு இல்லாதவர்கள் என்ன ஆனார்களோ. எங்கள் பரம்பரை எப்படியோ தப்பி வந்திருக்கிறது.

லீ பஜார் லாரி · அக்டோபர் 17, இரவு 11.15

கிரிக்கெட் பட்டோடிக்கு ஒரு கண்தானே அண்ணா? அவர் எப்படி பேட் பிடித்தார்?

கண்ணாடிக்கடை · அக்டோபர் 18, காலை 10.00

நல்ல ஞாபகம் தம்பி. மன்சூர் அலி கான் பட்டோடிக்கு 1961-ல் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் வலது கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. அதே ஆண்டு டிசம்பரில் டெஸ்ட் ஆட வந்துவிட்டார். 1962 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 அடித்தார். சில மாதத்தில் 21 வயதில் கேப்டன். விபத்துக்குப் பிறகு கூஜாவிலிருந்து தண்ணீரை டம்ளருக்குப் பதில் மேசையில் ஊற்றிக்கொண்டிருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு மேசைதான் நினைவுக்கு வந்தது.

டம்ளரில் ஊற்ற முடியாதவர் பந்தை அடித்தார் என்றால் அதில் முரண் இல்லை. வேகமாக வருகிற பந்து கண்ணில் விரிந்துகொண்டே வரும். எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதிலிருந்து இன்னும் எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்பதைத் தூரமே தெரியாமல் கணிக்கலாம். டேவிட் லீ 1976-ல் இதைப் பிரேக் போடும் ஓட்டுநர்களை வைத்து எழுதினார். பந்தை அடிக்க வேண்டியது நேரம் பார்த்துத்தான். எத்தனை கெஜம் தள்ளி இருக்கிறது என்பது பேட்டுக்குத் தேவையில்லை. சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கர் போட்டால் இரண்டு கண் உள்ளவர்களுக்கும் கால் விரல்தான் போகிறது.

சூரமங்கலம் வாசி · அக்டோபர் 19, மாலை 6.30

நேற்று குடும்பத்தோடு ஏற்காட்டில் லேடீஸ் சீட் காட்சிமுனைக்குப் போயிருந்தோம். கீழே பார்த்துவிட்டு என் சின்ன மகள் 'பொம்மை வீடு வேணும்' என்று அழுதாள். கொண்டை ஊசி வளைவில் போன பஸ்ஸை எடுத்துத் தரச் சொன்னாள். கண்ணாடிக்கடைக்காரரே, குழந்தையின் கண்ணில் கோளாறா?

கண்ணாடிக்கடை · அக்டோபர் 19, இரவு 10.10

இல்லவே இல்லை. ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கும் இதே ஆசை வந்தது. போட்ஸ்டாம் நகரில் தேவாலயக் கோபுரத்தின் மேல்தளத்தில் நின்றவர்களைச் சிறுவனாகக் கீழிருந்து பார்த்து, அந்தப் பொம்மைகளை எடுத்துத் தா என்று அம்மாவிடம் கேட்டாராம். பின்னாளில் பார்வை அறிவியலின் பெரிய ஆள் ஆனபோது அதை எழுதி வைத்தார். பொம்மை வாங்கிக் கொடுங்கள், எதற்கும் இருக்கட்டும்.

தரையில் நிற்கும்போது தூரத்தில் உள்ள பஸ் பொம்மையாகத் தெரிவதில்லை, தூரத்து பஸ்ஸாகத்தான் தெரிகிறது. விழித்திரையில் சிறிதாக விழுந்தாலும், தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு மூளை அளவைத் திருத்திக் கொடுக்கிறது. அந்தத் தூரக் கணக்கு பெரும்பாலும் தரையிலிருந்து வருகிறது. காலடியில் தொடங்கிப் பொருள் வரை தரை விட்டுவிடாமல் விரிந்து கிடக்கிறது, அதன் மேல் கண் நடந்து போகிறது. லேடீஸ் சீட்டில் அந்தத் தரை காலடியிலேயே அறுந்துவிடுகிறது. கம்பி வேலிக்கு அப்பால் வெறும் காற்று, பிறகு ஆயிரம் மீட்டர் கீழே சேலம். நடுவில் கண் கால் ஊன்ற எதுவும் இல்லை. தூரம் தெரியவில்லை என்றால் அளவையும் திருத்த முடியாது. பெரியவர்களுக்கு அது பஸ் என்ற அறிவு கைகொடுக்கிறது, அதுவும் அரைகுறையாகத்தான்.

அங்கிருந்து சேலம் ஜங்ஷன் நேர்க்கோட்டில் 14 கிலோமீட்டர் இருக்கும். 24 பெட்டி எக்ஸ்பிரஸ் ஒன்று அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். நீட்டிய கையின் கட்டைவிரலுக்குப் பின்னால் அது கிட்டத்தட்ட முழுதாக ஒளிந்துகொள்ளும். கணக்கு போட்டுப் பார்த்தபோது நானே ஒருமுறை விரலைப் பார்த்துக்கொண்டேன்.

கண்ணாடிக்கடை · அக்டோபர் 19, இரவு 10.40

ஒன்று விட்டுப்போனது. கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மூடி, அப்புறம் கண்ணை மாற்றினால் விரல் பின்னணியில் ஒரு தாவு தாவும். எவ்வளவு தாவியது என்று தெரிந்த பொருளை வைத்து மதிப்பிட்டு 10-ஆல் பெருக்கினால் தூரம். கை நீளம் கண் இடைவெளியைப் போல் சுமார் 10 மடங்கு என்பதுதான் இதன் சூட்சுமம். இது என் கண்ணுக்கும் பலிக்கும், ஏனென்றால் இதில் கண்கள் முறை வைத்துத்தான் பார்க்கின்றன.

நாகலூர் எஸ்டேட் · அக்டோபர் 21, காலை 7.00

சார், எங்கள் ரோட்டைப் பற்றி ஒரு சந்தேகம். கீழிருந்து வரும் விருந்தாளிகள் எல்லாரும் 'செங்குத்தா ஏறுது' என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

கண்ணாடிக்கடை · அக்டோபர் 21, இரவு 9.30

அடிவாரத்திலிருந்து மேலே வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டர் ஏறுகிறோம். சராசரியாக நூற்றுக்கு 5, அதாவது 3 டிகிரிகூட இல்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளின் வேலையே அதுதான், செங்குத்தை நீளமாக்கி விற்பது. ஆனாலும் கேட்டுப் பாருங்கள், யாரும் 15 டிகிரிக்குக் குறைத்துச் சொல்லமாட்டார்கள்.

டென்னிஸ் ப்ராஃபிட் குழு 1995-ல் இதை அளந்தது. 5 டிகிரிச் சரிவை ஆட்கள் 20 என்றார்கள், 10 டிகிரியை 30 என்றார்கள். அதே ஆட்களை ஒரு பலகையில் கைவைத்து, கண்ணால் பார்க்காமல், சரிவுக்கு ஏற்பச் சாய்க்கச் சொன்னால் கிட்டத்தட்ட சரியாகச் சாய்த்தார்கள். வாய் மிகைப்படுத்துகிறது, கை அடக்கமாக இருக்கிறது. பிறகு முதுகில் கனமான பையை மாட்டிவிட்டால் மலை இன்னும் செங்குத்தாகத் தெரிகிறது என்றும் அவர்கள் எழுதினார்கள். களைப்பே கண்ணை மாற்றுகிறது என்று அது ரொம்பப் பிரபலமானது.

பையைப் பற்றி எனக்கு எப்போதும் நம்பிக்கை இல்லை. ஃபிராங்க் டர்ஜின் குழு 2009-ல் அதைக் கிளறியது. எதற்குப் பை மாட்டுகிறார்கள் என்று ஆட்கள் ஊகித்து அதற்கேற்ப விடை சொல்லியிருக்கிறார்கள். பைக்கு வேறொரு காரணத்தைச் சொல்லி மாட்டியபோது மலை செங்குத்தாகவில்லை. சரிவை மிகையாகச் சொல்வது நிலைத்தது, பைக்கதை ஆட்டம் கண்டது.

லீ பஜார் லாரி · அக்டோபர் 21, இரவு 11.40

லோடு ஏத்திட்டு ஏறினால் லாரிக்கும் மலை செங்குத்தாத்தான் தெரியுது அண்ணா. அது ஊகிச்சா சொல்லுது?

கண்ணாடிக்கடை · அக்டோபர் 22, காலை 9.05

லாரி எந்த ஆய்விலும் கலந்துகொள்ளவில்லை தம்பி.

லீ பஜார் லாரி · நவம்பர் 3, இரவு 12.20

இன்னைக்கு இறங்கும்போது பன்னிரண்டாம் வளைவுக்கு மேலே மேகம் அப்படியே ரோட்டுல உட்கார்ந்திருச்சு. முன்னாடி போன வண்டியோட பின்லைட் தூரத்துல இருந்துச்சு, திடீர்னு பானெட்டுக்கு நேரா வந்துருச்சு. பிரேக் புடிச்சிட்டேன். ஆனா உடம்பு இன்னும் நடுங்குது. இது உங்க தூசிக் கணக்குதானே அண்ணா?

கண்ணாடிக்கடை · நவம்பர் 3, காலை 6.50

அதேதான், தலைகீழாக. மழைக்குப் பிறகு காற்று தெளிந்து மலையைக் கிட்டே இழுத்தது. பனிமூட்டம் விளக்கை வெளுக்கவைத்துத் தூரத்துக்குத் தள்ளுகிறது. 2001-ல் பிரான்சில் வியோலா கவாலோ குழு பனிமூட்ட அறையில் பின்விளக்குகளை வைத்துச் சோதித்தது. தூரத்தைச் சராசரியாக 60 சதவீதம் கூடுதலாக எடைபோட்டார்கள். 30 மீட்டரில் இருப்பதை 48 என்று நினைப்பதைப் போல. கீழ்நோக்கி இறங்கும் ரோட்டில், ஈரத்தில், லோடோடு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வேகம் தனிக் கதை. 1998-ல் நேச்சர் இதழில் ராபர்ட் ஸ்னோடனும் சகாக்களும், மூட்டமாக இருந்தால் ஓட்டுபவருக்குத் தன் வேகம் குறைவாகத் தெரிகிறது, அதனால் தெரியாமலேயே வேகம் கூட்டுகிறார் என்று எழுதினார்கள். பல வருடம் எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2012-ல் பாவ்லோ பிரெட்டோ குழு ஒரு ஓட்டையைக் காட்டியது. முந்தைய வேலையில் திரை முழுவதும் ஒரே சீராக மங்கலாக்கப்பட்டிருந்தது, அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல. நிஜ மூட்டத்தில் கிட்டே உள்ளது தெளிவாகவும் தூரத்தில் உள்ளது மங்கலாகவும் இருக்கும். அப்படி வைத்துச் சோதித்தபோது வேகம் கூடுதலாகத் தெரிந்தது, ஓட்டியவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள்.

நமக்குக் கிடைக்கும் நடைமுறைப் பாடம் வேடிக்கையானது. மூட்டத்தில் தானாக வேகம் குறைகிறது, சரி. ஆனால் முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் அது அந்த முதல் சோதனையின் திரை மாதிரிதான். மலை ஏறும் முன் கண்ணாடியைத் துடையுங்கள், உள்ளேயும். லோ பீம் போடுங்கள். பின்விளக்கு தூரமாகத் தெரிந்தால் நம்பவே வேண்டாம்.

கண்ணாடிக்கடை · நவம்பர் 3, இரவு 9.15

விளக்கு பற்றி இன்னும் இரண்டு. இரவில் எதிரே வரும் வண்டியின் தூரத்தை இரண்டு ஹெட்லைட்டுக்கு நடுவிலுள்ள இடைவெளியை வைத்துத்தான் பெரும்பாலும் கணிக்கிறோம். ஒரு லைட் அவிந்த லாரி வந்தால் கண் அதைப் பைக் என்று எடுத்துக்கொண்டு ஓரமாக நிறைய இடம் இருப்பதாகச் சொல்லும். வளைவில் அந்த இடத்தில் லாரியின் மீதி உடம்பு வரும்.

பைக்கிலும் ஏமாற்று இருக்கிறது. பெரிய பொருளும் சிறிய பொருளும் ஒரே நேரத்தில் வந்து சேரப் போகின்றன என்றாலும் சிறியது தாமதமாக வரும் என்றே ஆட்கள் சொல்கிறார்கள். பாட்ரீசியா டெலூசியா இதைப் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். பஸ்ஸுக்கு வழிவிட்டுவிட்டு, அதே வேகத்தில் வரும் பைக்குக்குக் குறுக்கே புகும் பழக்கம் ஐந்து ரோட்டில் தினமும் நடக்கிறது.

வளைவுகளில் வைத்திருக்கும் குவிகண்ணாடியும் எல்லாவற்றையும் சிறிதாக்கித் தள்ளித்தான் காட்டும். வண்டி வருகிறதா, இல்லையா என்பதற்கு மட்டும் அதைப் பாருங்கள். எவ்வளவு தூரம் என்று அதனிடம் கேட்கக் கூடாது.

சூரமங்கலம் வாசி · நவம்பர் 9, காலை 7.30

அளந்தாகிவிட்டது. இரண்டு வாரமாக மழை இல்லை, மலை மறுபடி சாம்பல். முஷ்டியும் விரலும் அன்றைக்குப் போலவே. அரை முஷ்டிக்கு ஒரு மயிரிழை கூட. கடையைத் திறந்தே வையுங்கள்.

போனஸாக இன்னொன்றும் செய்தேன். அயோத்தியாப்பட்டணம் பக்கம் முழுநிலா எழும்பும்போது தாம்பாளம் மாதிரி இருந்தது. சுண்டுவிரலை நீட்டினேன், பாதி விரலுக்குள் மறைந்துவிட்டது. நடுராத்திரி உச்சியில் சின்னதாக இருந்தபோதும் அதே பாதி விரல். வீட்டில் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

கண்ணாடிக்கடை · நவம்பர் 9, பகல் 1.40

பழகிவிடும். நிலா எப்போதும் அரை டிகிரிதான், சுண்டுவிரல் ஏறக்குறைய ஒரு டிகிரி. உண்மையில் எழும்பும்போது நிலா நமக்கு இன்னும் கொஞ்சம் தூரம், பூமியின் அரை விட்டத்தளவு. அதனால் ஒன்றரை சதவீதம் சின்னதாகவே இருக்க வேண்டும். ஏன் பெரிதாகத் தெரிகிறது என்பதில் அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து சண்டை. அடிவானம் வரை மரமும் வீடுமாகத் தரை நீள்வதால் மூளை அதைத் தூரமாக எடுத்துக்கொண்டு பெரிதாக்குகிறது என்பது ஒரு கட்சி. அப்படியானால் நிலா தூரமாகத் தெரிய வேண்டும், ஆனால் கேட்டால் எல்லோரும் கிட்டே என்கிறார்கள். இதில் என் ஓட்டை இன்னும் போடவில்லை.

ஒடுங்கும் தண்டவாளத்துக்குள் வைத்த இரண்டு சம கோடுகளில் மேலே உள்ளது நீளமாகத் தெரியும், பான்சோ படம் என்பார்கள். பார்த்துப் பழகியதால் வரும் மயக்கம் இது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டத்தில், நம் நாட்டில் பிறவியிலேயே கண்புரையால் பார்வையற்றிருந்து அறுவைக்குப் பின் பார்க்கத் தொடங்கிய பிள்ளைகளிடம் இந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். 2015-ல் வெளியான முடிவு: பார்வை வந்த உடனேயே அவர்களும் ஏமாந்தார்கள். முதல் குறிப்பில் 'பார்த்துப் பழகிய மூளை' என்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். எல்லாமே பழக்கம் இல்லை போலிருக்கிறது.

கண்ணாடிக்கடை · நவம்பர் 10, இரவு 10.00

ஞாயிறு பொழுதுபோக்கு, இரண்டு கண்ணும் உள்ளவர்களுக்கு மட்டும். ஒரு சாவியை நூலில் கட்டி இடவலமாக ஆடவிடுங்கள். கூலிங்கிளாஸின் ஒரு பக்கக் கண்ணாடியால் ஒரு கண்ணை மட்டும் மறைத்துக்கொண்டு இரண்டு கண்ணாலும் பாருங்கள். நேராக ஆடும் சாவி நீள்வட்டமாகச் சுற்றி வரும். இருட்டான கண்ணின் செய்தி மூளைக்கு ஒரு நொடியின் சிறு பகுதி தாமதமாகப் போகிறது, அந்தத் தாமதம் ஆழமாக மாறிவிடுகிறது. 1922-ல் இதை விளக்கி எழுதிய கார்ல் புல்ஃப்ரிக்குக்கு அப்போது ஒரு கண்ணில் பார்வை இல்லை. தன் பெயரில் உள்ள விளைவை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எங்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

லீ பஜார் லாரி · நவம்பர் 12, இரவு 9.50

அண்ணா, விளையாட்டை விட்டுட்டு ஒண்ணு கேக்கணும். என் பையனுக்கு ஆறு வயசு. போட்டோவுல ஒரு கண் லேசா உள்ள போன மாதிரி இருக்கு. நீங்க சொன்ன அதிர்ஷ்டக் கண்ணுதான்னு எங்க அம்மாவும் சொல்றாங்க. பரீட்சை லீவுல காட்டிக்கலாமா?

கண்ணாடிக்கடை · நவம்பர் 12, இரவு 10.05

இந்த வாரமே காட்டுங்கள் தம்பி. என் கடைக்கு வேண்டாம், நேரே கண் டாக்டரிடம் போங்கள். கண்ணில் மருந்து விட்டு உள்ளே பார்க்க வேண்டியிருக்கும், அதை நான் செய்ய முடியாது.

பயப்பட வேண்டாம். பல பிள்ளைகளுக்கு வெறும் பிளஸ் பவர்தான் காரணமாக இருக்கும், சரியான கண்ணாடி போட்டாலே கண் நேராகிவிடும். சோம்பேறிக் கண்ணாக, அதாவது மூளை கண்டுகொள்ளாத கண்ணாக, மாறியிருந்தால் நல்ல கண்ணை மூடி ஒட்டச் சொல்வார்கள். நாள் முழுக்க ஒட்ட வேண்டுமோ என்று மலைக்க வேண்டாம். நடுத்தரப் பாதிப்புக்கு தினம் 2 மணி நேரம் ஒட்டினாலே 6 மணி நேரம் ஒட்டியதற்குச் சமமான பலன் என்று 2003-ல் அமெரிக்காவில் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. எவ்வளவு நேரம் என்பதை டாக்டர் சொல்வார். சாயங்காலம் வீட்டில் ஒட்டினால் பள்ளியில் யாரும் கிண்டல் செய்ய மாட்டார்கள்.

ஏழு வயதுக்குள் பலன் அதிகம். அதற்கு மேலும் கிடைக்கும், ஆனால் உழைப்பு கூடும். போட்டோவை எடுத்துப் போங்கள், எப்போதிலிருந்து என்று பழைய போட்டோக்களையும். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அந்த அதிர்ஷ்டத்தை நான் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன் என்று.

லீ பஜார் லாரி · நவம்பர் 12, இரவு 10.12

சரிங்கண்ணா. வியாழக்கிழமை லோடு இல்லை. கூட்டிட்டுப் போறேன்.